விடிந்தால் சித்திரை

என் மனைவி முனீஸ்வரி சித்திரை ஒன்றாம் தேதி காலையில் இறந்தாள். பிள்ளை பங்குனிக்குள் பிறந்துவிட வேண்டும் என்று நாங்கள் செய்த வேலையில் இறந்தாள். நாங்கள் என்றால் என் அம்மா, ஒரு டாக்டர், நான்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்பார்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும். அதற்காகத்தான் ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். எங்களுக்கு வைகாசியில் கல்யாணம். ஆடி முதல் தேதி முனீஸ்வரியைக் கம்பத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் அல்லிநகரத்தில் அம்மாவோடு இருந்தேன். ஆடிப் பதினெட்டுக்குச் சுருளி அருவியில் குளிக்கப் போனவன், மழையைக் காரணம் சொல்லி மாமியார் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டேன்.

முதல் ஸ்கேனில் பிரசவத் தேதி ஏப்ரல் இருபத்தாறு என்று வந்தது. என் அம்மா இருளம்மாள் விரல் விட்டு எண்ணினாள். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

"ஏலே, ஆடியில அங்கன போனியா?"

"அருவிக்குப் போனேன்மா."

"அருவியிலயா இது உண்டாச்சு?"

முனீஸ்வரி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. அன்று இரவு அவள் சாப்பிடவும் இல்லை.

அம்மாவின் பயத்துக்கு வீட்டிலேயே ஆதாரம் இருந்தது. என் பெரியப்பாவின் தலைமகன் சுருளியாண்டி சித்திரையில் பிறந்தவர். அவர் பிறந்த மூன்றாம் மாதம் பெரியப்பா கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஜீப்போடு உருண்டார். பிரேக் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பிரேக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சுருளியாண்டி அண்ணனுக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. வாடகைக் கார் ஓட்டுகிறார். கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போகும் இடத்தில் பிறந்த மாதம் கேட்பார்கள்.

நான் பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தவன். சித்திரையை நம்பவில்லை. பயம் மட்டும் இருந்தது. நம்பாதவனுக்கும் பயம் வரும். யாரிடமும் சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை சின்னமனூர் பக்கம். வாழைக்காயைப் பழுக்கவைக்கும் குளிர் அறைகள் ஆறு. அவற்றுக்கு நான் மேற்பார்வையாளன். காய் உள்ளே போனதும் பதினெட்டு டிகிரி, இருபத்து நான்கு மணி நேரம் வாயு, ஐந்தாம் நாள் லாரி. எந்த நாளில் எந்த நிறம் வரும் என்று சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அது பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

முப்பத்தேழாவது வாரச் சோதனைக்கு நானும் அம்மாவும் கம்பத்துக்குப் போனோம். வளைகாப்பு முடிந்து முனீஸ்வரி தாய்வீட்டில் இருந்தாள். மாமியார் மூக்கம்மாள் அவளை அழைத்துக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார். அங்கே ஸ்டாஃப் நர்ஸ் ஷெரின். கேரள எல்லையிலுள்ள குமுளிக்காரர், பேச்சில் மலையாளம் கலக்கும். முனீஸ்வரியை உள்ளே அழைத்துப் போய்ச் சோதித்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"தொறந்திருச்சா?" என்றாள் அம்மா.

"இப்ப எதுக்கும்மா தொறக்கணும்? இன்னும் மூணு வாரம் இருக்கு."

"ஒரு விரலாவது?"

"ஒண்ணும் இல்ல. நல்லா மூடியிருக்கு. அப்படித்தான் இருக்கணும்."

பின்னாலேயே வந்த முனீஸ்வரியோடு எங்களையும் ஷெரின் பெஞ்சில் உட்காரவைத்தார். கர்ப்பப்பையின் வாய்க்கு ஒரு கழுத்து உண்டு என்றார். ஆள்காட்டி விரலில் ஒன்றரைக் கணுவைத் தொட்டுக் காட்டி, இவ்வளவு நீளம் என்றார்.

"உங்க மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்க. இப்ப அப்படி இருக்கு. பிரசவம் நெருங்க நெருங்க உதடு மாதிரி ஆகும். அப்பறம் கழுத்து குறைஞ்சு குறைஞ்சு காகிதம் மாதிரி மெலிஞ்சு போகும். பின்னாடி பாத்துகிட்டு இருக்கிறது முன்னாடி திரும்பும். அதுக்கெல்லாம் அப்பறம்தான் தொறக்கிறது. பாதி வேலை வலியே இல்லாம நடக்கும்."

முனீஸ்வரி தன் மூக்கை விட்டுவிட்டு என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். "இது இளகுற மாதிரி தெரியலையே, மாமா."

"ஒரு நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர் திறக்கும்?" என்று கேட்டேன்.

ஷெரின் என்னைப் பார்த்தார். "சேட்டா, அப்படி ஒரு கணக்கு இல்ல. ரெண்டு சென்டிமீட்டர் தொறந்துகிட்டு ரெண்டு வாரம் சந்தைக்குப் போய் வர்ற பொம்பளைங்க உண்டு. காலையில மூடிக்கிடந்து சாயங்காலம் பெத்தவங்களும் உண்டு. வாய் தொறக்கிறது வேற, வலி வர்றது வேற. மூணு சென்டிமீட்டர்னு சொன்னதும் பிள்ளை வாசல்ல நிக்குதுன்னு நினைக்கக் கூடாது, கேட்டோ."

"பங்குனிக்குள்ள ஆகிருமா?" என்றாள் அம்மா.

"அது அதுபாட்டுக்கு வரும். மருந்து கொடுத்து வரவைக்கணும்னா காரணம் வேணும். பிரஷர், சுகர், பனிக்குடத்துல தண்ணி கம்மி, இப்படி ஏதாவது. இவங்களுக்கு ஒண்ணும் இல்ல. மாசம் பாத்து யாரும் மருந்து கொடுக்க மாட்டாங்க."

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அம்மா சொன்னாள்: "குடுக்கிறவுக இருக்காக."

அடுத்த ஒரு வாரம் அம்மா கம்பத்திலேயே தங்கிவிட்டாள். சம்பந்தி வீட்டில் கை நனைக்கக் கூச்சப்படுகிறவள், அங்கே அடுப்பையே எடுத்துக்கொண்டாள். ஓமக் கஷாயம். அன்னாசிப் பழம். காலையில் இருபது முறை மாடிப்படி ஏறி இறங்க வேண்டும். குந்தி உட்கார்ந்து வீடு முழுக்கத் துடைக்க வேண்டும். மூன்றாம் நாள் விளக்கெண்ணெய். முனீஸ்வரி என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, உங்கம்மா எனக்குள்ள இருந்த எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டாக. பிள்ளை மட்டும்தான் பாக்கி."

"முடியலன்னா குடிக்காதே."

"குடிக்கலன்னா மேல்வாய் மட்டும் நல்லாத் தொறக்குது, கீழ்வாய்க்கு என்ன கேடுன்னு கேக்காக. எங்கம்மா பக்கத்துல இருக்கையிலயே."

"நீ என்ன சொன்ன?"

"நல்ல நேரம் பாத்து நீங்களே அதுகிட்டச் சொல்லுங்கத்தே, ஒங்க பேச்சுன்னா கேக்கும்னேன்."

நான் சிரித்தேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. எண்ணெய் வேலை செய்யட்டும் என்றுதான் இருந்தேன்.

ஏப்ரல் பதினொன்று காலையில் மூக்கம்மாள் கூப்பிட்டார். சளிபோல ஏதோ பட்டிருக்கிறது, அதில் ரத்தக் கோடு இருக்கிறது என்றார். நான் அறைகளை வேறு ஆளிடம் விட்டுவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். போகும்போது மணி கணக்குப் போட்டேன். பங்குனி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. சுருளியாண்டி அண்ணன் காரோடு வந்திருந்தார். அம்மா எங்களுக்கு முன்பே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஷெரின் சோதித்தார். கொஞ்சம் இளகியிருக்கிறது, ஆனால் விரல் நுனிகூட நுழையவில்லை என்றார். வாயை அடைத்திருக்கும் சளி கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. வந்த அன்றே வலி எடுக்கலாம், பத்து நாளும் ஆகலாம்.

"இதெல்லாம் நல்லபடியாத்தான் போகுது. வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லுங்க. விளக்கெண்ணெய் யாரு கொடுத்தது?"

அம்மா வாசலைப் பார்த்து நடந்தாள்.

திரும்பும்போது அம்மா சாமான் வாங்கக் கடைத்தெருவில் இறங்கிக்கொண்டாள். மூக்கம்மாளும் கூடவே இறங்கினார். காரில் நாங்கள் மூன்று பேர். முனீஸ்வரி பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய மாமா, சித்திரையில பொறந்ததுல ஒங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கு என்னத்தா ஆச்சு? ஒண்ணும் ஆகல. ஒரு பெயலும் பொண்ணு குடுக்கல, அம்புட்டுத்தான்." கியரை மாற்றினார். "நான் பொறந்து எங்கய்யா செத்தாருன்னா, எங்கய்யா பொறந்து யாரு செத்தா? கேட்டேன் ஒருநா. எங்கம்மா செருப்பை எடுத்துட்டு வந்துருச்சு."

"சும்மா அடிக்கவா?"

"அடிக்கவும் இல்ல. தொட்டாத்தான. எனக்கு வெவரம் தெரிஞ்சு எங்கம்மா என்னையத் தொட்டதே இல்லத்தா. ஒன்னுக்கிருக்கக் கூட்டிப் போகையிலகூட சட்டையத்தான் பிடிச்சுக்கிரும்." சிரித்தார். "பிரேக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் தவழவே இல்ல அப்ப."

வீட்டுவாசலில் இறங்கும்போது முனீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அத்தை சொல்ற அந்த ஆஸ்பத்திரிக்கே போவோம், மாமா. எம்பிள்ளைய ஒருத்தரும் இப்படித் தள்ளிவெச்சுப் பேசக் கூடாது."

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஷெரின் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருந்தாலே போதும். அவள் சம்மதித்தது எனக்கு வசதியாக இருந்தது. இனி இது அவள் முடிவு.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பத்திலேயே இருந்த அந்த நர்சிங் ஹோமில் சேர்த்தோம். இருபது படுக்கை. அம்மா முன்பே போய்ப் பேசிவைத்திருந்தாள். டாக்டரம்மா முனீஸ்வரியைச் சோதித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வாய் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. நீளம் குறையல. வாய் பக்குவமாயிருக்கான்னு பாத்துப் போடுற பதிமூணு மார்க்குல இவங்களுக்கு மூணு மார்க். ஒரு ஜெல் வெச்சு முதல்ல இளக வைப்போம். அப்புறம் டிரிப் போட்டு வலியைக் கொண்டு வருவோம். வரலைன்னா சிசேரியன். எப்படியும் பதிமூணாம் தேதிக்குள்ள முடிச்சிடலாம்."

"ரிஸ்க் உண்டா மேடம்?"

"எதுலதான் இல்ல?" கேஸ் ஷீட்டை இழுத்துக்கொண்டார். "காரணம்னு ஒண்ணு போடணும். தண்ணி குறைவுன்னு போட்டுக்கிறேன்."

ஸ்கேன் அறிக்கை என் கையில் இருந்தது. தண்ணீர் அளவு பன்னிரண்டு. சரியான அளவு. அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பத்து மணிக்கு முதல் ஜெல். மாலையில் இரண்டாவது. இடுப்பு இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. வாய் அசையவில்லை. பதிமூன்றாம் தேதி காலை டிரிப் போட்டார்கள். அதற்குப் பிறகு வலி மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தது. முனீஸ்வரி முதலில் எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று யாராவது வந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மா கதவருகே நின்று நர்சிடம் எண்ணைக் கேட்டு வந்து சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஒன்று. இரண்டு மணிக்கு இரண்டரை. ஐந்து மணிக்கு நான்கு.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"ரெண்டு நாள் ஆச்சு. பொண்ணு சோர்ந்துட்டா. வாய் மருந்துக்குத் தொறக்குதே தவிர தானா நகரல. இப்ப சரின்னு சொன்னா ஆறு மணிக்கு எடுத்துடுறேன். உங்க பங்குனியிலயே வந்துடும். நாளைக்கு வருஷப்பிறப்பு, எனக்கும் வீடு இருக்கு."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அறுக்க வேணாம்" என்றாள் அம்மா. "நாலு தொறந்தது மிச்சமும் தொறக்கும். எங்க வம்சத்துல ஒருத்தி வயித்துலயும் கத்தி பட்டதில்ல. ஒருக்க அறுத்தா அடுத்ததும் அறுப்புத்தான். அப்பறம் ஒரு குடம் தண்ணி தூக்க ஆக மாட்டா."

"மாப்ள" என்றார் மூக்கம்மாள். அவர் சுவரோரமாக நின்றிருந்தார். "அவுக சொல்றபடி எடுத்துருவோமே. பிள்ளை கெடந்து சாகுது."

"பிள்ளைப்பேறுன்னா கெடந்துதான் சாகணும், மதினி. நம்ம பெக்கலையா?"

டாக்டரம்மா என்னை மட்டும் பார்த்தார். கையெழுத்து என்னுடையது.

நான் கணக்குப் போட்டேன். பதினொன்றிலிருந்து ஐந்துவரை ஆறு மணி நேரம், மூன்று சென்டிமீட்டர். மணிக்கு அரை. முழுதாகத் திறக்கப் பத்து வேண்டும், பாக்கி ஆறு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம். விடியற்காலை ஐந்துக்குப் பத்து சென்டிமீட்டர். சூரிய உதயம் ஆறு பத்து. விடிந்தால்தான் சித்திரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு. வாழைக்காய் அறைச் சுவரில் இருந்த அட்டவணையைப் போலவே எல்லாம் சரியாக வந்தது.

"காலை அஞ்சு வரைக்கும் பார்ப்போம் மேடம்" என்றேன்.

அவர் கேஸ் ஷீட்டில் எழுதினார். கணவர் காத்திருக்க விரும்புகிறார். அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

முனீஸ்வரியின் உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அறுத்துரச் சொல்லு, மாமா. போதும்" என்றாள். அதுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதில்லை.

போனில் போட்ட கணக்கைக் காட்டினேன். "அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். பாரு."

பார்த்தாள். "இது ஒங்க வாழைக்காய்க் கணக்கா?"

"அதே முறைதான்."

"பழுக்காட்டி என்ன செய்வீக?"

"பழுக்காம இருக்காது."

அடுத்த வலி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது போனதும் சொன்னாள்: "வெளிய போங்க. நீங்க நின்னா என்னால கத்த முடியல."

நான் வெளியே போனேன். அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு நான்கு. பதினொன்றுக்கு நான்கு. இரண்டு மணிக்கு நான்கு. ஐந்து மணிக்கும் நான்கு. ஒவ்வொரு தடவையும் நான் கணக்கை மாற்றி எழுதினேன். மிச்சமிருந்த நேரம் குறையக் குறைய, மணிக்கு எத்தனை திறக்க வேண்டும் என்பது மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஐந்தே முக்காலுக்குப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. இதயத் துடிப்பு இறங்கியது. டாக்டரம்மா வரும்போது ஆறு இருபது. தலைக்குக் குளித்து மல்லிகை வைத்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

அம்மா வராந்தா ஜன்னலில் நின்று கிழக்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் சூரியன் மலையைத் தாண்டி வர நேரமாகும்.

"பொழுது இன்னும் மலைய விட்டு ஏறல" என்றாள். "ஏறுனாத்தான் விடிஞ்ச கணக்கு. இன்னும் பங்குனிதான்."

"நாள்காட்டியில ஆறு பத்துக்கே..."

"நாள்காட்டி அடிச்சவனுக்கு நம்ம மலை தெரியுமா?"

ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அப்போது வராந்தாச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. அம்மா அந்த வெயிலைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் வந்து பெண்பிள்ளை என்றார். அம்மா கை நீட்டவில்லை. மூக்கம்மாள் வாங்கிக்கொண்டார்.

"தாய் எப்படி இருக்கா?" என்று அவர்தான் கேட்டார்.

கர்ப்பப்பை சுருங்கவில்லை. இரண்டு நாள் மருந்துக்கு இழுத்து இழுத்து ஓய்ந்துபோன தசை. பிள்ளையை எடுத்த பிறகு அது இறுகி ரத்தக்குழாய்களை அடைக்க வேண்டும். அது துணிபோலக் கிடந்தது. ஊசி போட்டார்கள். கையால் பிசைந்தார்கள். அங்கே இருந்த இரண்டு பாட்டில் ரத்தத்தையும் ஏற்றினார்கள். ஏற்றியது அப்படியே வெளியே வந்தது. எட்டே காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது, தேனிக்கு அனுப்புகிறோம் என்றார்கள். தேனி நாற்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் தாங்க மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் கட்டிலில் சாகக் கூடாது என்பதற்காக ஏற்றினார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

உத்தமபாளையம் தாண்டும்போது அவள் கை சில்லிட்டது. சின்னமனூரில் கோயிலுக்குப் போகிறவர்கள் புதுத்துணியோடு சாலையைக் கடந்தார்கள், வண்டி நின்று நின்று போனது. கூட வந்த நர்ஸ் அவள் முகத்தில் மாட்டிய மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கு இருபது வயது இருக்கும். நிறுத்தலாம் என்று யார் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. தேனியில் ஒன்பது இருபது என்று எழுதினார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"அப்பனுக்கு வர வேண்டியது ஆத்தாளோட போச்சு" என்றாள்.

ஐந்தாம் நாள் நர்சிங் ஹோம் மேலாளர் கூப்பிட்டார். நான், அம்மா, மூக்கம்மாள் மூன்று பேரும் போனோம். சுருளியாண்டி அண்ணன் ஓட்டிவந்து வெளியே காரிலேயே இருந்தார். மேசைமேல் இரண்டு தாள் இருந்தன. ஒன்று பிறப்புப் பதிவு. ஒன்றில், சிகிச்சையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று தட்டச்சு செய்திருந்தது.

"பிறந்த நேரம் இன்னும் ஏத்தல" என்றார் மேலாளர். "அம்மா போன்ல ஏதோ சொன்னாங்க. பதிமூணுன்னே போட்டுக்கலாம். அதுக்கென்ன."

"போடுங்க" என்றாள் அம்மா. "பொம்பளப் பிள்ளை. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவுக மாசம் கேப்பாக."

"நேரம்? சாயங்காலம் ஆறு போடட்டுமா? டாக்டரம்மா அன்னிக்கு ஆறு மணிக்குத்தான் எடுக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. தியேட்டர் நோட்டுலயும் அப்படி மாத்திக்குவோம்."

"போடுங்க" என்றேன்.

மூக்கம்மாள் இரண்டாவது தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"மாப்ள, நான் கலெக்டர்கிட்ட எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். என் மக ஏன் செத்தான்னு கேக்கணும். இதுல நீங்க கையெழுத்துப் போட்டா நான் யாரை வெச்சுக் கேப்பேன்?"

"கேட்டா வந்துருவாளா, மதினி?" என்றாள் அம்மா.

"வர மாட்டா. தெரியும்."

"கேட்டா எல்லாத்தையும் கேப்பாக. சாயங்காலமே அறுக்கிறேன்னு சொன்னாகளா, வேணாம்னது யாருன்னு கேப்பாக. ஒங்க மருமகன் கையெழுத்துத்தான் இருக்கு அங்கன."

மூக்கம்மாள் என்னைப் பார்த்தார். நான் பேனாவை வாங்கிப் போட்டேன். இரண்டு தாளிலும் என் பெயர் ஒரே மாதிரி விழுந்தது, அருண்பாண்டி. மூக்கம்மாள் எழுந்து போய், வார்டு வாசலில் இன்னும் கிடந்த முனீஸ்வரியின் செருப்பைத் தேடி எடுத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டார். காரில் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.

இரண்டு வாரம் கழித்து ஷெரின் அல்லிநகரம் வந்தார். பிரசவத்தில் ஒருத்தி இறந்தால் அரசு விசாரித்து எழுத வேண்டும். முனீஸ்வரியின் கர்ப்பப் பதிவு அவருடைய நிலையத்தில் இருந்ததால் அவரையே அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பக்கப் படிவம். அம்மா சமையலறையில் பிள்ளைக்குப் பவுடர் பால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார் ஷெரின்.

"பன்னிரண்டாம் தேதி காலையில."

"அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியா, அப்பறமா?"

"முன்னாடி."

"முந்தின நாள் நான் பாத்தேன். விரல் நுனி நுழையல."

"காலையில வந்துருச்சு."

"தண்ணி குறைவுன்னு கேஸ் ஷீட்டுல இருக்கு. ஸ்கேன்ல பன்னிரண்டு இருந்தது, சேட்டா. நான்தான் கார்டுல ஏத்தினேன்."

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "டாக்டருக்குத் தெரியாதது ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

ஷெரின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "தண்ணி குறைவா இருந்ததா?"

"இருந்தது" என்றேன்.

எழுதினார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்து வந்தவற்றை மெதுவாகப் படித்தார்.

"குழந்தை பிறந்தது பதிமூணு, சாயங்காலம் ஆறு."

"ஆமா."

"மரணம் பதினாலு, காலை ஒன்பது இருபது."

"ஆமா."

"பதினஞ்சு மணி நேரம். அவ்வளவு நேரமும் நினைவோட இருந்தாங்களா?"

"இருந்தா."

"குழந்தையைப் பாத்தாங்களா?"

மயக்க மருந்து கொடுத்து அவளை உள்ளே கொண்டு போனபோது பிள்ளை பிறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

"பாத்தா."

"தாய்ப்பால் கொடுத்தாங்களா?"

"கொடுத்தா."

"எத்தனை தடவைன்னு கேட்டிருக்கு."

அம்மா பால் புட்டியைக் குலுக்கும் சத்தம் நின்றது. பதினைந்து மணி நேரம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வந்தது.

"நாலு தடவை" என்றேன்.

ஷெரின் கட்டத்துக்குள் நான்கு என்று எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.